கடைசிப் பந்து விழும் வரை

பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற குறும்பாதை ஒன்று. அதன் கோடியில் ஒரு குழி. இடையே ஒரு மேடு, ஒரு திருப்பம், சில இடங்களில் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு காற்றாலை. பந்தை மட்டையால் தட்டி, எத்தனை குறைந்த அடிகளில் முடியுமோ அத்தனை குறைந்த அடிகளில் குழிக்குள் சேர்க்க வேண்டும். மினி கோல்ஃப் எனப்படும் சிறு குழிப்பந்தாட்டத்தின் விதி இவ்வளவே. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆடத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சிறு குழி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது விளங்கும்.

பெரிய கோல்ஃபுக்கு நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் வேண்டும். அதைப் பேணப் பணமும் பணியாளரும் வேண்டும். ஆடுவோர் தோளில் வலுவும் சட்டைப்பையில் செல்வமும் உடையவராக இருத்தல் வேண்டும். சிறு குழிப்பந்தாட்டமோ தொடக்கம் முதலே, பெரிய களத்தில் இடம் கிடைக்காதவர்களின் ஆட்டமாக வளர்ந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1867-ஆம் ஆண்டு பெண்களுக்கென ஒரு கழகம் தோன்றியது. மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது பெண்களுக்கு அழகன்று என எண்ணிய காலம் அது. ஆகவே உருட்டிவிடும் மெல்லடி ஒன்றையே கொண்டு ஆடத்தக்க புல்தரை அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் அத்தரைக்கு 'இமாலயம்' என்பது பெயர். ஒதுக்கித் தந்த அந்த மூலையில் இன்றும் மக்கள் ஆடி மகிழ்கின்றனர்.

அமெரிக்காவின் லுக்கவுட் மலையில் கார்னெட் கார்ட்டர் என்பவர் 1920-களின் இறுதியில் தம் விடுதி விருந்தினருக்காகச் சிறு களம் ஒன்றை அமைத்தார். 'டாம் தம்' என்ற பெயரில் அது நாடெங்கும் பரவியது. 1930-ஆம் ஆண்டில், வேலையும் வருவாயும் சுருங்கிய அந்தக் கொடிய காலத்தில், வெற்று மனைகளிலும் கட்டடங்களின் மாடிகளிலும் ஆயிரக்கணக்கான களங்கள் முளைத்தன. சில காசுக்கு ஒரு மாலைப்பொழுது மகிழ்ச்சியாகக் கழிந்தது. பின்னர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால் போங்னி என்பவர் 1950-களில் பதினெட்டுப் பாதைகளுக்கும் ஒழுங்கான அளவு வகுத்தார். அதன்பின் அது போட்டி விளையாட்டாகவும் உயர்ந்தது. போட்டியில் ஒரு பாதைக்கு ஆறு அடிகள் வரைதான் அனுமதி. ஆறிலும் பந்து விழாவிடில் ஏழு என்று எழுதிக்கொண்டு அடுத்த பாதைக்கு நகர வேண்டும். திறமை குறைந்தவரையும் அப்படியே இழுத்துக்கொண்டு முன்னே செல்லும் ஏற்பாடு இது. இணையத்தில் ஆடும் ஆட்டத்திலும் இவ்வேற்பாடு வேறோர் உருவில் வந்து நிற்கிறது.

இணையத்துக் குழிப்பந்தாட்டங்கள் பல உள்ளன. அவற்றுள் பலராலும் அறியப்பட்டது 'கோல்ஃப் வித் யுவர் ஃபிரண்ட்ஸ்' என்பதாகும். 'நண்பர்களோடு கோல்ஃப்' என்று அதைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிளாக்லைட் இன்டராக்டிவ் என்னும் சிறு குழுவினர் உருவாக்கிய இவ்வாட்டம், 2016-ஆம் ஆண்டு சனவரியில் முற்றுப்பெறாத நிலையிலேயே ஆடுவோர் கைக்கு வந்தது. முழுமையான வடிவம் 2020-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் வெளியாயிற்று. காடு, பாலைச்சோலை, பேய்மாளிகை, கொள்ளைக்கப்பல், விண்வெளி நிலையம் எனப் பல களங்கள் அதில் உண்டு. களத்துக்குப் பதினெட்டுக் குழிகள். ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் வரை ஆடலாம்.

ஆட்டத்தைக் கூட்டுபவர் ஒருவர் இருப்பார். அவர் தம் கணினியில் ஓர் அரங்கைத் திறந்து, களத்தைத் தேர்ந்து, நண்பர்களுக்கு அழைப்பு அனுப்புவார். அயலார் நுழையாதிருக்கக் கடவுச்சொல்லும் வைக்கலாம். எல்லாரும் ஒரே வகைக் கருவியில் அமர்வது நல்லது; ஒருவர் கணினியிலும் மற்றவர் தொலைக்காட்சியோடு இணைத்த ஆட்டப்பெட்டியிலும் அமர்ந்துவிட்டு ஒருவரை ஒருவர் தேடித் திகைப்போர் பலர். பேச்சுக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் போதும். உண்மையில், அந்த அழைப்பு இல்லாமல் இவ்வாட்டம் பாதி ஆட்டமே.

இனி அடிக்கும் முறை. திரையில் பந்து நிற்கும். சுட்டியை அசைத்தால் பார்வை பந்தைச் சுற்றிச் சுழலும். திசை அதனால் அமையும். சுட்டியின் இடப்பொத்தானை அழுத்திப் பிடித்தால் வலுவைக் காட்டும் பட்டை தோன்றும். வேண்டிய அளவில் விட்டால் பந்து ஓடும். 'கோல்ஃப் இட்' என்னும் மற்றோர் ஆட்டத்தில் அளவுப்பட்டையை நம்பியிராமல் சுட்டியையே மட்டையாக எண்ணி முன்னோக்கித் தள்ள வேண்டும். தள்ளும் வேகமே அடியின் வலு. அது கைக்கு நெருக்கமானது, பிழைக்கும் நெருக்கமானது. தொடங்குவோருக்கு முதலாவதே ஏற்றது எனலாம்.

புதியவர் செய்யும் முதல் தவறு வலுவாக அடிப்பது. குழி தொலைவில் தெரிகிறது. கை தானே விரைகிறது. மெய்யான கோல்ஃபில் குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாதது. குழியின் வாயைக் கடக்கும் அந்தச் சிறு கணத்துக்குள் பந்து தன் உடலில் பாதியளவாவது கீழே இறங்கியாக வேண்டும். இல்லையேல் எதிர் விளிம்பில் பட்டுத் துள்ளிவிடும். கணக்கிட்டுப் பார்த்தால், வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டரை மிஞ்சிய வேகத்தில் வரும் பந்துக்கு, அது குழியின் நடுவை நோக்கியே வந்தாலும், உள்ளே இறங்க நேரமில்லை. கணினிக்குள் ஓடும் பந்து மெய்ப்பந்து அன்று. ஆயினும் அதை இயக்கும் கணக்குகள் இவ்வியற்கையையே பின்பற்றி எழுதப்பட்டவை. குறி தப்பாமல் அடித்தும் பந்து குழியைத் தாண்டிப் போகக் கண்டு 'இயந்திரம் ஏமாற்றுகிறது' என்று சினப்போர், வலுவைப் பாதியாகக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

ஏற்றத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே தயங்கி அடித்தால் பந்து உச்சி வரை சென்று, ஒரு கணம் நின்று, புறப்பட்ட இடத்துக்கே உருண்டு வந்து சேரும். அடி ஒன்று போயிற்று. பந்து ஓரங்குலமும் முன்னேறவில்லை. திருப்பங்களில் சுவரே துணை. பந்து சுவரை எந்தக் கோணத்தில் தொடுகிறதோ ஏறக்குறைய அதே கோணத்தில் மறுபுறம் விலகும். கேரம் பலகையில் கட்டையில் அடித்துக் காயை வீழ்த்தப் பழகியவருக்கு இது பாடமே வேண்டாத பாடம். காற்றாலை, ஆடும் சுத்தியல் போன்ற அசையும் தடைகளுக்கு முன்னே காத்திருக்க வேண்டும். தடை விலகிய பின் அடித்தால் காலம் கடந்துவிடும்; விலகப் போகும் நேரத்தை எண்ணி முன்கூட்டியே அடிக்க வேண்டும். பாதையை விட்டுப் பந்து வெளியே விழுந்தால் முன்பிருந்த இடத்துக்கே அது மீளும். செலவான அடி மட்டும் மீளாது.

இவ்வளவும் ஒருவர் தனியே கற்றுக்கொள்ளத்தக்கவை. பலர் சேரும்போதுதான் ஆட்டத்தின் தனித்தன்மை வெளிப்படுகிறது. மெய்யான களத்தில் ஒருவர் அடிக்க மற்றவர் நிற்பர். முறை வைத்து ஆடுவர். இங்கே முறை இல்லை. பன்னிரண்டு பேரும் ஒரே வேளையில், ஒரே பாதையில், தத்தம் பந்தை அடித்துக்கொண்டு போகலாம். பந்துகள் ஒன்றையொன்று முட்டாமல், ஒன்றினுள் ஒன்றாகக் கடந்து செல்லும். முட்ட வேண்டுமென்றால் அதற்கெனத் தனி அமைப்பு உண்டு. கால்பந்து போன்ற ஆட்டத்தில் ஒரே பந்துக்கு இருவர் போட்டியிடுவதால், இணையத்தின் சிறு தாமதமும் ஆட்டத்தைக் குலைத்துவிடும். கோலாலம்பூரிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 10,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். நேர்கோட்டில் சென்றாலும் செய்தி ஒன்று போய்த் திரும்பப் பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகும்; கடலுக்கடியில் வளைந்து செல்லும் கம்பியில் அதனினும் மிகுதி. குழிப்பந்தாட்டத்தில் அவரவர் பந்து அவரவருடையது. ஆகையால் உலகின் இரு மூலைகளிலிருந்தும் குறையின்றி ஆடலாம்.

முறை இல்லையென்றாலும் காத்திருத்தல் உண்டு. விரைவில் குழியை அடைந்தவர், மற்றவர்களின் பந்துகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாரும் முடித்தாலன்றி, அல்லது நேரம் தீர்ந்தாலன்றி, அடுத்த குழி திறக்காது. பதினொரு பந்துகள் விழுந்துவிட்டன. ஒன்று மட்டும் மேட்டின் அடிவாரத்தில் நிற்கிறது. பதினோரு பேரின் பார்வையும் அதன்மேல் இருக்கிறது. வகுப்பறையில் கரும்பலகை முன் நிறுத்தப்பட்டு, எல்லாரும் பார்த்திருக்க விடை தேடும் மாணவனின் நிலையை ஆசிரியர்கள் அறிவர். அந்தக் கடைசிப் பந்துக்குரியவரின் நிலையும் அதுவே.

ஜொகூர் பாருவில் வாழும் முதியவர் ஒருவர் அந்நிலையை அறுபத்தெட்டாம் வயதில் அடைந்தார். முப்பதாண்டுகளுக்கும் மேல் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். மணி அடித்து முடிவதற்குள் வகுப்பில் இருப்பார். மாணவரும் இருக்க வேண்டும். விடைத்தாளை ஒரு நிமிடம் தாமதமாக நீட்டியவனிடமிருந்து வாங்க மறுத்தவர் என்று அவருடைய பழைய மாணவர்கள் இன்றும் சொல்வர். மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரில் குடியிருந்தார். இடையில் இருந்தது ஒரு கிலோமீட்டரை ஒட்டிய பாலம். வாரந்தோறும் அதைக் கடந்து பேத்தி வருவாள். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபோது பாலம் ஓய்ந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் நாடு, அயல்நாடாகிவிட்டது.

முதல் சில வாரங்கள் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசினர். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன் தாத்தா." "படிக்கிறியா?" "படிக்கிறேன் தாத்தா." அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. அன்பில் குறையில்லை, சேர்ந்து செய்வதற்கு ஒரு செயல் இல்லை. வீட்டில் இருந்தபோது அவர் செய்தித்தாள் படிப்பார், அவள் அருகில் அமர்ந்து படம் வரைவாள். பேச்சு நடுநடுவே தானாக வரும். திரையில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசியாக வேண்டும் என்றபோது பேச்சு வறண்டது. அவ்வாண்டு சூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, பதின்மூன்று வயதுப் பேத்தி அந்தக் குழிப்பந்தாட்டத்துக்குத் தாத்தாவை அழைத்தாள். இலண்டனில் இருந்த அத்தையும் சேர்ந்துகொண்டார். பல்கலைக்கழகம் மூடப்பட்டு வீட்டிலிருந்த அண்ணன், முதியவரின் கணினியில் தேவையானவற்றைத் தொலைவிலிருந்தே அமைத்துக் கொடுத்தான்.

குழிக்குப் பன்னிரண்டு அடி என எல்லை வைத்திருந்தனர். முதல் மாலையில் முதியவர் பதினெட்டுக் குழிகளில் பதினாறில் பன்னிரண்டையும் செலவழித்தார். மீதி இரண்டில் நேரம் முடிந்தது. மற்ற மூவரும் இரண்டு, மூன்று அடிகளில் முடித்துவிட்டு அவருடைய பந்தையே பார்த்திருந்தனர். முதலில் ஆளுக்கொரு யோசனை சொல்லினர். "வலப்பக்கம்", "இல்லை, இன்னும் கொஞ்சம்", "மெதுவா, மெதுவா" என்று மூன்று குரல்கள். பிறகு யோசனைகள் நின்று இரக்கம் தொடங்கியது. பேரன் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கியிருப்பதை அவருடைய மௌனத்திலிருந்தே முதியவர் உணர்ந்தார். ஆட்டம் முடிந்ததும், "கண்ணு வலிக்குதும்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். கண் வலிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு முன் அச்சிறுமி செய்தது கவனிக்கத்தக்கது. ஆட்டத்தைக் கூட்டுபவரின் கையில் பல அமைப்புகள் உள்ளன. அடிகளின் எல்லையைக் கூட்டலாம், குறைக்கலாம். நேர எல்லையை நீட்டலாம். பந்தைத் தாவச் செய்யும் ஆற்றலை வழங்கலாம், மறுக்கலாம். பந்தைக் கனசதுரமாக்கி உருள விடாமல் புரள விடலாம். புவியீர்ப்பைக்கூடக் குறைக்கலாம். விளையாட்டுப் பிள்ளைகள் இவற்றையெல்லாம் வேடிக்கைக்காகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பர். அவள் நேரத்தை இருமடங்காக்கினாள். அடிகளை இருபதாக்கினாள். தாவுதலை நீக்கினாள். அது முதியவரின் விரலில் தவறுதலாகப் பட்டுப் பந்தைப் பலமுறை வெளியே வீசியிருந்தது. களத்தைக் காட்டுக்களத்துக்கு மாற்றினாள். இவற்றோடு அமைப்புப் பட்டியலில் இல்லாத விதி ஒன்றையும் சேர்த்தாள். கடைசியாக ஆடுபவர் கேட்டாலன்றி யாரும் யோசனை சொல்லக் கூடாது; அதுவரை வேறெதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

இவை யாவற்றையும் அவள் எல்லார் முன்னிலையிலும் அறிவித்தாள். முதியவருக்கு முகம் சுருங்கியிருக்கக் கூடும். ஆயினும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேறு பேச்சு அவருக்கு உதவிற்று. மருமகள் கத்தரிக்காய் விலை சொல்ல, மகள் இலண்டன் மழையைச் சொல்ல, எவர் கண்ணும் தம்மேல் இல்லை என்ற நிம்மதியில் அவர் மெல்ல அடித்தார். நான்காவது குழியில், வலுவைப் பற்றித் தாமே கேட்டார்.

"எவ்வளவு பிடிக்கணும்னு தெரியலையே, அம்மா."

"பாதி பிடிங்க தாத்தா."

"பாதின்னா? ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுற அளவா?"

"இல்ல தாத்தா... எப்படிச் சொல்றது..." அவளுக்குச் சொல் வரவில்லை.

முதியவர் பிறந்து வளர்ந்தது கெடா மாநிலத்துப் பால்மரத் தோட்டமொன்றில். லயத்து வாசலில் மண்ணைக் குழித்துக் கோலிக்குண்டு ஆடிய விரல்கள் அவருடையவை. குண்டைக் குழியில் இறக்க நடுவிரலை எவ்வளவு வளைக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. குழி ஒரு சாணில் இருந்தால் ஒரு வளைவு. மூன்று சாணில் இருந்தால் இன்னொரு வளைவு. அன்று அது நினைவுக்கு வந்ததும், "சாண் கணக்குச் சொல்லு" என்றார். திரையில் சாண் ஏது? ஆனால் அவள் புரிந்துகொண்டாள். பாதையில் விரித்திருந்த பலகைகளை எண்ணி, "ஆறு சாண், தாத்தா" என்றாள். அவர் அடித்தார். பந்து குழியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. அன்றிலிருந்து அக்குடும்பத்தில் வலுவின் அளவு சாண்.

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கலாம். சிங்கப்பூரில் 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளருள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் பேசுவது ஆங்கிலம். 2010-இல் அது 32.3 விழுக்காடாக இருந்தது. இச்சிறுமியும் வீட்டில் ஆங்கிலம் பேசுபவளே. தாத்தாவிடம் மட்டும் தமிழ். அதுவும் 'சாப்பிட்டேன்', 'படிக்கிறேன்' என்ற அளவில். நலம் விசாரிக்கும் தமிழுக்கு இருபது சொற்கள் போதும். ஒரு பந்தைச் சுவரில் முட்டச் செய்து, சரிவில் இறக்கி, விளிம்பைத் தொடாமல் குழிக்குள் அனுப்ப வழிசொல்லும் தமிழுக்கு அவை போதா. முதல் மாதத்தில் அவள் 'அந்தச் சைடு' என்றாள். பிறகு 'இடப்பக்கத்துச் சுவர்' என்றாள். மேடு, சரிவு, வளைவு, முனை, விளிம்பு, ஓரம், தடுப்பு, குறுக்கே, நேர்கோட்டில், ஒரு நூல் தள்ளி என்று சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'ஒரு நூல் தள்ளி' என்பதைக் கேட்டு அவள் சிரித்தாள். நூலை எங்கே கட்டுவது என்று கேட்டாள். எந்தப் பாடநூலும் அவளுக்கு அதைக் கற்பித்ததில்லை. கற்பித்திருந்தாலும் தேர்வு முடிந்தவுடன் மறந்திருப்பாள். தாத்தாவின் பந்து குழியில் விழ வேண்டும் என்ற தேவை அச்சொற்களை அவள் நாவில் நிறுத்தியது. கட்டளை வினை, திசைச் சொல், அளவுச் சொல் ஆகியவற்றை வாய்மொழிப் பயிற்சியில் புகட்ட வழி தேடும் ஆசிரியர்கள், படக்குறிப்பு அட்டைகளைச் சற்று ஒதுக்கிவைத்து, ஒரு மாணவர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க, மற்றவர் வழிசொல்லும் ஆட்டமாக இதை வகுப்பில் முயன்று பார்க்கலாம். கணினி இல்லையேல் ஒரு கோலிக்குண்டும் ஒரு குவளையும் போதும்.

ஆகஸ்டு மாதத்தில் முதியவர் நான்காம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு உயர்ந்தார். இலண்டன் மகள் சினந்துகொண்டார். அது உண்மையான சினம். ஆகவே எல்லாருக்கும் மகிழ்ச்சி. அதற்கடுத்த வாரம் அவர் பதினான்காவது குழியை ஐந்தடியில் முடித்தார். அன்றுதான் முதல் முறையாக, முடித்தவர் வரிசையில் இருந்துகொண்டு பிறர் பந்தைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பேத்தியின் பந்து இன்னும் களத்தில் இருந்தது. வழக்கமாக இரண்டடியில் முடிக்கும் குழி அது. பந்து மேட்டைத் தொட்டுத் திரும்பியது, மறுபடியும் திரும்பியது, சுவரில் முட்டி வெளியே விழுந்தது. எட்டாவது அடியில்தான் அவள் முடித்தாள்.

விடை தெரிந்தும் கையைத் தூக்காமல், பக்கத்தில் இருக்கும் நண்பன் முந்தட்டும் என்று தலையைக் குனிந்துகொள்ளும் மாணவனின் முகத்தை அவர் முப்பதாண்டுகள் பார்த்தவர். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் விடைபெற்ற பின் கேட்டார்.

"பதினாலாவது குழியில எட்டு அடியா?"

"கை தவறிப்போச்சு தாத்தா."

"எட்டுத் தடவையுமா?"

மறுமுனையில் பேச்சில்லை.

"நேரம் கூட்டிக் கொடுத்தே, வாங்கிக்கிட்டேன். அடி கூட்டிக் கொடுத்தே, அதையும் வாங்கிக்கிட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சு கொடுத்தது அது. இது அப்படி இல்ல. நீ தோத்துக் காட்டினா நான் ஜெயிச்சது எதுன்னு எனக்கே தெரியாம போயிடும்மா."

"சரி தாத்தா," என்றாள். குரல் சற்றுக் கம்மியிருந்தது. அவருக்கும் அன்று உறக்கம் வரத் தாமதமாயிற்று என்று பின்னர் அவர் மனைவி சொன்னார்.

அவர் பிரித்துக் காட்டிய வேறுபாடு நுண்மையானது. விதியை வெளிப்படையாக இளக்குவது ஒன்று. விதியை அப்படியே நிறுத்திவைத்து, விளைவை மறைவாகத் திருத்துவது மற்றொன்று. பின்தங்கிய மாணவனுக்கு அரைமணி நேரம் கூடுதலாகக் கொடுக்கும் ஆசிரியர் அவனை எழுத வைக்கிறார். எழுதாத விடைக்கு மதிப்பெண் போடும் ஆசிரியரும் இரக்கமுடையவரே. ஆனால், தன் மதிப்பெண்ணில் எது தன்னுடையது என்று அறியும் வாய்ப்பை அவனிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டுவிடுகிறார். குழந்தைகள் பெரியவர்களிடமும் பெரியவர்கள் குழந்தைகளிடமும் இதைச் செய்துகொண்டேதான் இருக்கின்றனர். பெரும்பாலும் அதற்கு அன்பு என்று பெயர். விளையாட்டில் அது எளிதில் வெளிப்பட்டுவிடுகிறது. ஒவ்வோர் அடியும் எண்ணாகப் பலகையில் நிற்கிறதல்லவா?

அதன் பிறகு பேத்தி முழு வலிமையோடு ஆடினாள். முதியவர் பல வாரங்கள் மீண்டும் நான்காம் இடத்தில் இருந்தார். கொள்ளைக்கப்பல் களத்தில் நீரில் விழுந்த பந்துகளுக்குக் கணக்கில்லை. பேய்மாளிகைக் களத்தின் இருட்டு அவருக்கு ஒத்துவரவில்லை. அதை எல்லாரும் சேர்ந்து தள்ளிவைத்தனர். வளைதடிப் பந்தாட்டம் போலக் குழிக்குப் பதிலாகக் கோல்வாயில் வைத்து ஆடும் வேறொரு முறையும் இவ்வாட்டத்தில் உண்டு. பேரனுக்கு அதில் ஆர்வம், முதியவர் ஒருமுறை ஆடிவிட்டு, "குழி இல்லாம என்ன குழிப்பந்து?" என்று மறுத்துவிட்டார். பந்துகள் ஒன்றையொன்று முட்டும் அமைப்பை ஒரு வாரம் வைத்துப் பார்த்தனர். குழியருகே நின்ற தந்தையின் பந்தை இலண்டன் மகள் வேண்டுமென்றே முட்டி வெளியே தள்ளினார். கோலிக்குண்டில் பிறர் குண்டை அடித்துத் துரத்துவதும் ஆட்டத்தின் பகுதியே என்பதால் முதியவர் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. மறுவாரம் அவரும் அதையே செய்தார்.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தடுப்பூசி முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள் தடையின்றிக் கடக்கும்படி பாலம் திறந்தது. பேத்தி வந்தாள், இரண்டாண்டுகளில் தாத்தாவின் உயரத்தை எட்டியிருந்தாள். பாலம் திறந்த பின் இணைய ஆட்டம் நின்றுவிடும் என்று எல்லாரும் எண்ணினர். மாதத்துக்கு ஒருமுறை என்ற அளவுக்குக் குறைந்ததே அன்றி நிற்கவில்லை. இலண்டனுக்குப் பாலம் இல்லை அன்றோ?

அவ்வாண்டின் இறுதியில் ஒரு மாலை, ஆட்டம் தொடங்குமுன் முதியவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். நேரத்தைப் பழைய அளவுக்குக் குறைக்க வேண்டும். இருபது அடியை மீண்டும் பன்னிரண்டாக்க வேண்டும். பேத்தி இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டு அமைப்பை மாற்றினாள். முதல் குழியை அவர் நான்கடியில் முடித்தார். இரண்டாவது குழியின் ஏற்றத்தில் பந்து மும்முறை திரும்பி வந்தது. பன்னிரண்டும் தீர்ந்தபோது அது குழிக்கு இரண்டு சாண் தொலைவில் நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது குழி திறந்தது.